போதையில் தூங்குகிறவரைத் தனியாக விடாதீர்கள்

ஒருவர் அளவு தெரியாமல் குடித்துவிட்டுச் சாய்ந்துவிடுகிறார். எழுப்பினால் முதலில் ஏதோ முனகுகிறார், கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. கூட இருப்பவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் அறையில் கிடத்தி, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, "விடுடா, தூங்கட்டும், காலையில சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அக்கறையோடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மது ஒரு மனிதரை நேரடியாகக் கொல்வது பல சமயம் இப்படிக் கதவைச் சாத்திய பிறகுதான். குடிப்பதை நிறுத்தியாகிவிட்டது, சத்தம் அடங்கிவிட்டது, இனிமேல் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் உள்ளே ரத்தத்தில் போதை ஏறிக்கொண்டே இருக்கலாம்.

குடிக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி இங்கே நான் விவாதிக்கப்போவதில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது, என் கருத்தும் அதுதான். ஆனாலும் மக்கள் குடிக்கத்தான் செய்கிறார்கள். குடிக்காதவர்கள்கூட ஏதாவது ஒரு நாள் குடித்து விழுந்து கிடக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் நிற்க நேரிடுகிறது. அந்த நேரத்தில் என்ன பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றிவிடலாம், அதற்காகத்தான் இது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே புரிந்துவிடும். குடித்த ஆல்கஹாலில் கொஞ்சம் இரைப்பையிலேயே ரத்தத்தில் கலக்கிறது, பெரும்பகுதி சிறுகுடலுக்குப் போனதும் வேகமாகக் கலந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் நேராகச் சிறுகுடலுக்கு இறங்கிவிடுவதால் மளமளவென்று ஏறும். மறுபக்கம், சில சமயம் தண்ணீர் கலக்காத கடுமையான மதுவை மடக்மடக்கென்று ஊற்றிக்கொண்டால் இரைப்பையின் கீழ்வாசல் இறுகிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் உள்ளேயே தேக்கி வைத்துவிடும், பிறகு திறந்துவிடும். அதனால் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த பிறகும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும், ரத்தத்தில் அளவு கூடிக்கொண்டே போகலாம். "இப்பதானே நல்லாப் பேசிக்கிட்டிருந்தான்" என்று பிறகு எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். பேசிக்கொண்டிருந்தபோது அவர் போதையின் உச்சிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஏறுவது இப்படி என்றால் இறங்குவது மிக மெதுவாக. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் எரித்துத் தீர்க்கும். எவ்வளவு உள்ளே போனாலும் அதன் வேகம் பெரிதாகக் கூடாது, அடியில் ஒரே ஒரு சின்ன ஓட்டை உள்ள வாளியில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுகிற கதைதான். 40 சதவீத மது 30 மில்லியில் மட்டுமே 9.5 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராம். அப்படியென்றால் 200 மில்லி விஸ்கியைத் தீர்க்கக் கல்லீரலுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை முறையாகச் செய்து 1932-ல் புத்தகமாகப் போட்டவர் எரிக் விட்மார்க் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி, அவர் கொடுத்த சூத்திரத்தை இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

அந்தச் சூத்திரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 40 சதவீத மது 375 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் பாதி. அதை 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வேகமாகக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 250 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும். நிற்க முடியாது, நடப்பது எதுவும் நினைவில் பதியாது, வாந்தி வரும். அதே பாதி பாட்டிலை 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் அதே வேகத்தில் குடித்தால் சுமார் 430. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே மது அடர்த்தியாகத் தங்குகிறது. 300-ஐத் தாண்டினாலே சுயநினைவு போய்விடலாம், 400-க்குப் பக்கத்தில் மூச்சே நின்றுபோகும் அபாயம். "நானும் அவளும் ஒரே அளவுதானே குடிச்சோம்" என்கிற பேச்சுக்கு எந்த அர்த்தமும் இல்லை. இந்த எண்களை யாரும் எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பழக்கமில்லாத ஒருவருக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே உயிர் போகலாம்.

மூச்சு ஏன் நிற்கிறது? ஆல்கஹால் மூளையின் வேலைகளை ஒவ்வொன்றாக மந்தமாக்கிக்கொண்டே போகும் ஒரு பொருள். முதலில் வெட்கமும் நிதானமும் போகிறது, அதைத்தான் உற்சாகம் என்று நினைக்கிறோம். அப்புறம் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, நினைவுகள் பதியாமல் போகின்றன. கடைசியில் நாம் கவனிக்காவிட்டாலும் தானாக நடக்கும் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற, முகுளம் போன்ற மூளையின் அடிப்பகுதிகளும் மந்தமாகின்றன. மூச்சு விடுவது, தொண்டையில் ஏதாவது போனால் இருமித் தள்ளுவது, உடம்புச் சூட்டைக் காப்பது எல்லாம் தடுமாறுகின்றன. சாதாரணமாகத் தூங்குகிறவருக்கு வாந்தி தொண்டைக்கு வந்தால் விழித்துக்கொண்டு துப்புவார். இந்த நிலையில் இருப்பவர் விழிக்கவே மாட்டார், வாந்தி அப்படியே மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ரத்தத்தில் அளவு உயிரைப் பறிக்கும் எல்லையைத் தொடாமலேயே பலர் இந்த வழியில்தான் இறக்கிறார்கள்.

இதோடு ரத்தத்தில் சர்க்கரை குறைவதும் சேர்ந்துகொள்ளும். கல்லீரல் ஆல்கஹாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை தடைபட்டுவிடுகிறது. சாப்பிடாமல் குடித்தவர்களுக்கும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய ஆபத்து, வலிப்புகூட வரும்.

பல வருடங்களுக்கு முன்பு நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஒரே வீட்டில் தங்கியிருந்தோம். ஒரு நாள் எங்களில் ஒருவன் வேறு எங்கேயோ குடித்துவிட்டு வந்து படுத்தான். நல்ல குறட்டை. ஆழ்ந்த தூக்கம் என்றுதான் யாருக்கும் தோன்றும். முதலுதவிப் பயிற்சி எடுத்திருந்த அண்ணன் ஒருவர் எங்களோடு இருந்தார், அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டார். கொறகொறவென்று தொண்டையில் ஏதோ தேங்கி நிற்கும் சத்தம் அது என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார், ஒரு நிமிடத்துக்கு ஏழுதான் வந்தது. "நாளைக்கு அவன் நம்மளத் திட்டினா திட்டட்டும், முதல்ல ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கப்பா" என்றார். வந்தவர்கள் முதலில் செய்தது விரலில் ஊசியால் குத்திச் சர்க்கரை பார்த்ததுதான், ரொம்பக் கீழே இறங்கியிருந்தது. அவன் இப்போது நன்றாக இருக்கிறான். அந்த இரவுக்குப் பிறகு யாராவது போதையில் குறட்டை விட்டால் நிம்மதியாக இருக்க என்னால் முடிவதில்லை.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? முதலில் எழுப்பிப் பாருங்கள். பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டு, தோளை உலுக்கி, அதற்கும் அசையாவிட்டால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதையை அழுத்திக் கிள்ளுங்கள். கண்ணைத் திறந்து ஒரு வார்த்தையாவது சொல்கிறாரா? வெறுமனே கையைத் தட்டிவிட்டு மறுபடியும் மூழ்கிப்போவதை விழித்துக்கொண்டதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்து மூச்சு. மார்பும் வயிறும் ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம், ஏனென்றால் இங்கே மூச்சு சீராக வராது. நிமிடத்துக்கு எட்டுக்குக் குறைவு என்றாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து விநாடி இடைவெளி விழுந்தாலோ உடனே போன் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்புறம் நிறம். தோல் நீலமாகும், வெளிறும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், கருத்த தோலில் அது சட்டென்று தெரியாது. உதட்டின் உட்பக்கம், ஈறு, நாக்கு, நகத்தின் அடி ஆகிய இடங்களில் பாருங்கள், நீலமோ சாம்பல் நிறமோ தட்டினால் ஆபத்து. உடம்பு சில்லென்று ஈரமாக இருப்பது, வலிப்பு, அரை மயக்கத்தில் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். எல்லா அறிகுறியும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்னும் சொல்லப்போனால், எழுப்பியும் எழாவிட்டால் மற்றதைப் பார்க்கவே தேவையில்லை, நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண்ணுக்கு உடனே கூப்பிட்டுவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். உங்கள் பக்கம் இருக்கும் கையை உடம்புக்குச் செங்குத்தாக வெளியே நீட்டி வையுங்கள், எதிர்ப்பக்கத்துக் கையை மடித்து அதன் புறங்கையை உங்கள் பக்கக் கன்னத்துக்கு அடியில் கொடுங்கள், எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்களை நோக்கி உருட்டுங்கள். மோவாயைக் கொஞ்சம் மேலே தூக்கி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக் கொடுத்தால் மல்லாந்து புரளாமல் இருப்பார், ஆனால் முட்டுக் கொடுத்துவிட்டோமே என்று எழுந்து போகக் கூடாது, கூடவே இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு போர்வை போர்த்துங்கள். மூச்சு நின்றுவிட்டாலோ, விக்கல்போல எப்போதாவது ஒன்று மட்டும் வந்தாலோ, மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, உதவி வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எப்படி என்று தெரியாவிட்டால், அவசர எண்ணில் பேசுகிறவர்கள் பல இடங்களில் போனிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

செய்யக் கூடாதவை எல்லாம் நமக்கு நன்றாகப் பழகிப்போனவை என்பதுதான் வருத்தம். கட்டங்காபி கொடுத்தால் ரத்தத்தில் ஆல்கஹால் ஒரு துளிகூடக் குறையாது, விழுங்க முடியாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகலாம். தலையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஏற்கெனவே சூடு இழந்துகொண்டிருக்கும் உடம்பு இன்னும் சில்லிட்டுப்போகும், அதிர்ச்சியில் மயங்கியும் விழலாம். பிடித்து நடக்க வைத்தால் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வார். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், அடைத்துக்கொள்ளக் கூடாது என்று நாம் எதற்குப் பயப்படுகிறோமோ அதை நாமே வரவழைப்பது அது. போதையை இறக்க நேரத்தைத் தவிர வேறு வழி கிடையாது, 100 மில்லி ரத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். இரவு ஒரு மணிக்கு 300 இருந்தவருக்குக் காலை ஒன்பது மணிக்கும் ஏறக்குறைய 180 இருக்கும்.

மருத்துவமனையிலும் மாற்று மருந்து என்று ஒன்றைப் போட்டு உடனே எழுப்பிவிட மாட்டார்கள். மூச்சுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொள்வது, ஆக்சிஜன், நரம்பு வழியாகத் திரவம், தேவைப்பட்டால் குளுக்கோஸ், நீண்ட நாள் குடிப்பவருக்குத் தயாமின் என்ற பி1 வைட்டமின், ரொம்ப மோசமானால் செயற்கைச் சுவாசம் அல்லது டயாலிசிஸ், இவ்வளவுதான். கல்லீரல் தன் வேலையை முடிக்கும்வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் சிகிச்சை. அங்கே உங்களிடம் கேட்பார்கள்: என்ன குடித்தார், எவ்வளவு, கடைசியாக எப்போது, வேறு மாத்திரை எதுவும் எடுத்தாரா, எங்கேயாவது விழுந்தாரா? மறைக்காமல் சொல்லிவிடுங்கள், முடிந்தால் பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். விழுந்தாரா என்ற கேள்வி முக்கியமானது, தலையில் அடிபட்டு மூளைக்குள் ரத்தம் கசிந்தாலும் போதை மாதிரியேதான் இருக்கும். மாத்திரைக் கேள்வி அதைவிட முக்கியம். தூக்க மாத்திரை, பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரை, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி நிவாரணிகள் ஆகியவை மதுவோடு சேர்ந்தால் இரண்டும் ஒரே இடத்தில், அந்த மூச்சு மையத்தில்தான் கை வைக்கும். தனித்தனியாக எடுத்தால் தாங்கக்கூடிய அளவுகள் சேர்ந்தால் கொல்லும். எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பதும் நல்லதில்லை, அதிலுள்ள கஃபீன் போதை ஏறியதை உணரவிடாமல் இன்னும் குடிக்க வைக்கும்.

இதெல்லாம் கல்லூரிப் பையன்கள் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010 முதல் 2012 வரையிலான இறப்புகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட கணக்கில், அந்த நாட்டில் மட்டும் மது விஷமாகி ஆண்டுக்குச் சராசரியாக 2,200 பேர் இறந்திருந்தார்கள், அதாவது நாளுக்கு ஆறு பேர். அவர்களில் நான்கில் மூன்று பேர் 35 முதல் 64 வயதுக்குள் இருந்தவர்கள். குடிக்கு அடிமையானவர்கள் என்று பதிவானவர்கள் 30 சதவீதம்தான். நடுத்தர வயதில், குடும்பத்தோடு, "எனக்கு என் அளவு தெரியும்" என்று சொல்லக்கூடிய மனிதர்கள் என்றுதான் எனக்கு அந்த எண்களைப் பார்த்ததும் தோன்றியது. பழகியவருக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் தப்பு. பல வருடங்கள் குடித்தவருக்குப் பேச்சு குழறாமல் இருக்கலாம், ஆனால் மூச்சு நிற்கும் அளவு அதற்கு ஏற்ற மாதிரி உயர்ந்துவிடாது. வெளியே நிதானமாகத் தெரிகிறார் என்பதாலேயே அவர் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த மது வேறு கதை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது, பற்ற வைத்துத் தீயின் நிறத்தைப் பார்க்கும் வித்தையையும் நம்ப முடியாது. குடித்ததும் சாதாரண போதைதான், தெளிந்தும்விடும். பாதி நாளோ ஒரு நாளோ கழித்து வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகப் பனி மூடியது போன்ற தோற்றம், இழுத்து இழுத்து வேகமாக மூச்சு வாங்குவது என்று ஆரம்பிக்கும். கல்லீரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுவதுதான் காரணம், அது பார்வை நரம்பைத்தான் முதலில் பதம் பார்க்கும். இதற்கு மருத்துவமனையில் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு, நேரத்தோடு போனால் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற முடியும். ஒரே மதுவைப் பலர் குடித்திருந்தால், ஒருவருக்கு அறிகுறி வந்ததுமே நன்றாக இருப்பவர்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், சானிட்டைசரில் பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வாசனைத் திரவியம், சில மவுத்வாஷ்கள், முந்தின இரவு மேசையில் மிச்சம் விட்ட டம்ளர் எல்லாமே எட்டாத உயரத்துக்குப் போக வேண்டியவை.

தடுப்பது எப்படி என்று கேட்டால், அளவைவிட வேகத்தைத்தான் முதலில் சொல்வேன். பந்தயம் வைத்துக் குடிப்பது, ஒரே மூச்சில் காலி செய்யச் சொல்லி கைதட்டுவது, கேட்காமலே அடுத்தவர் டம்ளரை நிரப்புவது, இவற்றில் பாசம் எதுவும் இல்லை. கல்லீரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு 30 மில்லி பெக் ஒன்றுதான் தாங்கும் என்று தெரிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாவதை ஊற்றுகிறவர் நண்பரே இல்லை என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். கூட்டத்தில் ஒருவராவது குடிக்காமல் இருக்க வேண்டும். வண்டி ஓட்ட மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம், கடைசி ஆள் படுத்த பிறகும் விழித்திருந்து மூச்சைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

போன் போடத் தயங்குவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்துவிடும், போலீஸ் வருமோ, செலவாகுமோ, நாளைக்கு அவன் நம்மேல் கோபப்படுவானோ. சின்ன வயதுக்காரர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம், அமெரிக்காவில் பல மாநிலங்களில் உதவிக்குக் கூப்பிட்டவர்மேல் சட்டப்படியான வயதுக்கு முன்பே குடித்ததற்காக வழக்குப் போடக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தது இந்தத் தயக்கத்தை உடைக்கத்தான். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: எந்த நேரமானாலும் கூப்பிடு, கேள்வி எல்லாம் அப்புறம்.

பிழைத்து எழுந்த பிறகு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தெரிந்தே, சாக வேண்டும் என்று நினைத்துத்தான் அவ்வளவு குடித்தாரா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் அப்போதே சொல்லுங்கள். இன்னொன்று, தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் பயந்துபோய் "இன்னியோட விட்டுட்டேன்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவது. நல்ல முடிவுதான், ஆனால் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்து கை நடுக்கமும் காய்ச்சலும் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதுமாக ஒரு கடுமையான நிலைக்குப் போகலாம், அதுவும் உயிருக்கு ஆபத்தானதுதான். மருத்துவர்கள் இதற்கு டயசிபாம் போன்ற மருந்தை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார்கள். அதனால் மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே அவர் தினமும் எவ்வளவு குடிப்பவர் என்பதை மறைக்காமல் சொல்லி, வீட்டில் எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.